கல்லடிக் கணிதக் கூடமும் சுவரில் இருக்கும் ஸ்கின்னரும்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் இறங்கும் குறுக்குத் தெரு ஒன்றில், சின்னப் பிள்ளைகளுக்குக் கணிதம் பழக்கும் கூடம் ஒன்று நடக்கிறது. பெயரை எழுதவில்லை. நல்லதோடு குறையும் சொல்லப் போகிறேன், ஊரோ சின்னது. தரம் 3, 4, 5 இல் பிள்ளை வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் போய் விசாரித்தால் ஆட்களே காட்டிவிடுவார்கள்.

அவசரக்காரர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகளின் மகன் தரம் 4. அவனை அங்கே விட்டிருக்கிறோம். கணக்கு தெளிந்திருக்கிறது, கொடுத்த காசு வீண் போகவில்லை, இனியும் அனுப்பத்தான் போகிறோம். ஆனால் ஒவ்வொரு பயிற்சிக்கும் பிறகு வருகிற அந்தக் ‘காசுப் பெட்டி’ விளையாட்டைத் தூக்கிவிட வேண்டும் என்று நடத்துகிற தம்பியிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். ஏன் என்று விளங்கப்படுத்துவதற்கு, அவர் தன் சுவரில் மாட்டி வைத்திருக்கும் ஆளின் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

இடம், பழைய வீடொன்றின் முன்மண்டபம். மேசைக்கு ஒரு பிள்ளை, நடுவில் பலகைத் தடுப்பு, ஒவ்வொரு மேசையிலும் மரத் தாங்கியில் ஒரு டேப், அதாவது தொடுதிரைக் கணினி. கரும்பலகை கிடையாது, மைக் கிடையாது. தகரக் கொட்டகை டியூசனைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த அமைதியே சந்தேகத்தைக் கொடுக்கும். “இஞ்ச ஒருத்தரும் படிப்பிக்கிறதாத் தெரியல்லையே” என்று வாசலில் நின்ற ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார்.

வாசலுக்கு நேரே சுவரில் பெரிய ஃபிளெக்ஸ். கண்ணாடி போட்ட, அகன்ற நெற்றியுள்ள வெள்ளைக்காரர் ஒருவர், பக்கத்தில் புறாக்கள், கீழே ‘நடத்தை உளவியலின் முன்னோடி பி.எஃப். ஸ்கின்னர்’ என்று தொடங்கி ஒரு வாழ்க்கைக் குறிப்பு. அதே தகப்பன் அவரைக் கூடத்தின் வெளிநாட்டுப் பங்காளி என்று நினைத்திருந்தார். நான் ஆசிரிய மாணவர்களுக்குக் கல்வி உளவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கற்றல் சோதனைகளில் வரும் பாவ்லோவின் நாய், தோண்டைக்கின் பூனை, ஸ்கின்னரின் எலி என்று வருடா வருடம் கரும்பலகையில் கீறியே காலம் போனது. ஆகவே பேரன் உள்ளே கணக்குச் செய்ய, நான் வெளியே வாங்கில் இருந்தபடி அந்த ஃபிளெக்ஸை மனதுக்குள் திருத்திக்கொண்டிருப்பேன்.

பிறந்த விபரம் சரி: 1904 மார்ச் 20, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சஸ்குவஹானா என்ற சின்ன ரயில் ஊர், தகப்பன் சட்டத்தரணி. அடுத்த வரியே ‘ஹார்வர்டில் கலாநிதிப் பட்டம்’ என்று பாய்கிறது. எனக்குப் பிடித்த பகுதி நடுவில் இருக்கிறது, அதை விட்டுவிட்டார்கள். ஆள் எழுத்தாளராக வர ஆசைப்பட்டவர். ஹமில்டன் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தார். தன் கதைகளைக் கவிஞர் ராபர்ட் ஃப்ரொஸ்டுக்கு அனுப்பி, உற்சாகமான பதிலும் வாங்கினார். 1926 இல் பட்டம் கிடைத்ததும், இனி எழுத்துத்தான் என்று பெற்றார் வீட்டின் மேல்மாடத்தில் ஓர் அறையை ஒழுங்கு செய்துகொண்டு உட்கார்ந்தார். ஒன்றும் எழுத வரவில்லை. கப்பல் பொம்மை செய்தார், பியானோ வாசித்தார். அந்த ஆண்டை ‘இருண்ட ஆண்டு’ என்று பிற்பாடு அவரே எழுதினார். தன்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு பாவ்லோவையும், நடத்தை உளவியல் எழுதிய வாட்சனையும் வாசித்து, 1928 இல் ஹார்வர்டுக்குப் போய், 1931 இல் கலாநிதிப் பட்டம் எடுத்தார். வாங்கில் இருந்து பத்து வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிப் புலம்பும் தாய்மாருக்கு இந்தப் பந்தியைப் பெரிய எழுத்தில் போடலாம்.

சின்ன வயதிலேயே கை சும்மா இருக்காத ஆள். இரவு உடுப்பைக் கொளுவியில் மாட்டாமல் விட்டால் அறை வாசலில் ‘உடுப்பை மாட்டு’ என்ற மட்டை தானாக வந்து தொங்கும்படி கயிறு கட்டி வைத்தவர். ஹார்வர்டில் எலிக்குப் பெட்டி செய்ததும் அதே கைதான். உள்ளே ஒரு நெம்பு. எலி அதை அழுத்தினால் தீன் உருண்டை விழும். பாவ்லோவின் நாய்க்கு முதலில், தீனோடு சேர்த்துக் கேட்டுப் பழகிய சத்தம் காதில் விழ வேண்டும், பிறகுதான் எச்சில் ஊறும். ஸ்கின்னரின் எலி தானாக ஒன்றைச் செய்கிறது. செய்த பிறகு என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்து அதைத் திரும்பச் செய்கிறது, அல்லது விட்டுவிடுகிறது. செய்கைக்குப் பின்னால் வருவதைத்தான் அந்த மனிதர் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணிதக் கூடத்தின் சுவரில் அவர் ஏறியதற்குக் காரணம் 1953 இல் நடந்தது. அந்த ஆண்டு நவம்பர் 11 ஆம் திகதி, இளைய மகள் டெபரா படித்த நாலாம் வகுப்புக்குத் தகப்பன்மாரை அழைத்திருந்தார்கள். கணக்குப் பாடம். பின்னால் இருந்து பார்த்தார். டீச்சர் பலகையில் கணக்கை எழுதிவிட்டு வரிசைகளுக்கு நடுவே நடக்கிறார். சில பிள்ளைகள் வேளைக்கே முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள், சிலர் முதல் கணக்கிலேயே நெளிகிறார்கள். தாள்களைச் சேர்த்துக்கொண்டு போய்த் திருத்தி, பிறகுதான் புள்ளி வரும். கற்றலைப் பற்றி அதுவரை தெரிந்த இரண்டு அடிப்படைகள் கண் முன்னே மீறப்படுகின்றன என்று ஸ்கின்னர் நினைத்தார். விடை சரியா பிழையா என்று பிள்ளைக்கு உடனே தெரியவில்லை. எல்லாப் பிள்ளையும் ஒரே வேகத்தில் போக வேண்டியிருக்கிறது. சில நாட்களுக்குள் ஒரு கற்பித்தல் இயந்திரத்தைத் தன் கையாலேயே செய்து பார்த்தார். நான் மேற்பார்வைக்குப் போன வகுப்பறைகளில் பாதி இன்னும் அந்த 1953 ஆம் ஆண்டிலேயே நிற்கின்றன.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பேரனுக்குப் பிரச்சினை கடன் வாங்கிக் கழித்தல். அதிலும் நடுவில் பூச்சியம் வந்தால் முடிந்தது கதை. 402 இல் இருந்து 178 ஐக் கழி என்றால், 2 இல் 8 போகாது என்று 8 இல் 2 ஐக் கழித்து 6 போடுவான். பூச்சியத்தில் 7 போகாது என்று 7 ஐ அப்படியே இறக்குவான். 4 இல் 1 போக 3. விடை 376! வீட்டில் நானும் மகளும் மாறி மாறிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

டேப்பில் முழுக் கணக்கும் ஒரே தரமாக வருவதில்லை. முதலில் 402 மட்டும் வருகிறது, நூறினிடம், பத்தினிடம், ஒன்றினிடம் என்று மூன்று கட்டத்தில். நூறினிடத்தில் இருந்து ஒன்றை எடுத்தால் அங்கே எத்தனை மிஞ்சும்? 3 என்று பிள்ளை எழுத வேண்டும். பத்தினிடத்துக்கு எத்தனை பத்து வந்தது? 10. அந்தப் பத்தில் ஒன்றை ஒன்றினிடத்துக்குக் கொடு. பத்தினிடத்தில் 9, ஒன்றினிடத்தில் 12. இவ்வளவுக்கும் கழித்தல் அடையாளமே இன்னும் வரவில்லை. பிறகுதான் 178 கீழே வந்து உட்காருகிறது. 12 இல் 8 போக 4, 9 இல் 7 போக 2, 3 இல் 1 போக 2. 224. அடுத்த கணக்கில் ஒரு கட்டம் காணாமல் போகும், அதற்கடுத்ததில் இன்னொன்று. கடைசியில் வெறும் கணக்கு மட்டும் நிற்கும்.

1958 இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் ஸ்கின்னர் எழுதிய கட்டுரையில் இதே உத்தி இருக்கிறது. நீளமான ஓர் ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டப் பழக்க ஆறு படிகள். படிக்குப் படி எழுத்துகள் மறைய, பிள்ளை இட்டு நிரப்பிக்கொண்டே போகும். விடையைப் பிள்ளையே எழுத வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அவருக்கு முன்னரே, 1920களில், சிட்னி பிரெசி என்ற உளவியலாளர் பரீட்சை இயந்திரம் செய்திருந்தார். அதில் கொடுத்திருக்கும் விடைகளில் ஒன்றைத் தெரிய வேண்டும். பிழையான விடைகளை, அதுவும் சரி போலத் தெரிகிற பிழைகளை, படிக்கிற பிள்ளையின் கண்ணில் ஏன் காட்ட வேண்டும் என்பது ஸ்கின்னரின் கேள்வி. கல்லடிக் கூடத்தில் தெரிவு வினா மிகக் குறைவு. விரலால் எண்ணை எழுத வேண்டும். இதற்கு முழுப் புள்ளி கொடுக்கிறேன். விரலால் எழுதிய 7 ஐ டேப் சில வேளை 1 என்று வாசித்துப் பிழை போட்டுவிடுகிறது. நியாயம் கேட்டு அழுத ஒரு பெண்பிள்ளையையும் கண்டேன். உதவிக்கு இருக்கும் டீச்சர் வந்துதான் சமாதானப்படுத்தினார்.

இன்னொரு நல்ல விடயம், பிரம்பும் இல்லை, ஏச்சும் இல்லை. பிழை விட்டால் டேப் முந்திய படிக்குக் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். இதுவே சில பெற்றாருக்குக் குறையாகப் படுகிறது. “ரெண்டு போட்டாத்தான் டீச்சர் இவனுக்கு ஏறும்” என்று ஒரு தாய் என்னிடமே சொன்னார். ஸ்கின்னர் 1938 இல் வெளியிட்ட முதல் புத்தகத்திலேயே இதற்கு ஒரு சோதனை உண்டு. நெம்பை அழுத்திப் பழகிய எலிகளுக்குத் தீனை நிறுத்திவிட்டு, அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் நெம்பே காலில் திருப்பித் தட்டும்படி வைத்தார். தட்டு வாங்கிய எலிகள் சட்டென்று அடங்கின. தட்டு நின்றதும் மெல்லத் தொடங்கி, தட்டு வாங்காத எலிகள் எத்தனை தரம் அழுத்தினவோ ஏறக்குறைய அத்தனை தரம் அழுத்தி முடித்துத்தான் ஓய்ந்தன. அடி பழக்கத்தை அழிக்கவில்லை, கொஞ்ச நேரத்துக்கு ஒத்திவைத்தது. அந்தத் தாயிடம் இதைப் பக்குவமாகச் சொன்னேன். “அது எலிதானே டீச்சர்” என்றார். பதில் சொல்வதற்குள் அவருடைய ஓட்டோ வந்துவிட்டது.

சரி, காசுப் பெட்டிக்கு வருகிறேன். ஒவ்வொரு பயிற்சியும் முடிந்ததும் திரையில் ஒரு பெட்டி குலுங்கும். தட்டினால் சில நேரம் வெறும் பெட்டி. சில நேரம் 5 காசு. எப்போதாவது ஒரு தரம் 500 காசு, பட்டாசுச் சத்தத்தோடு. மாத முடிவில் காசைக் கூட்டி, முதல் மூன்று பேரின் படமும் ஸ்கின்னருக்குப் பக்கத்தில் ஏறும்.

இது எங்கிருந்து வந்தது தெரியுமா என்று நடத்துகிற தம்பியிடம் கேட்டேன். “பிள்ளைகளுக்கு ஒரு உற்சாகம்தானே” என்றார். அது வந்தது ஸ்கின்னரின் தீன் உருண்டையிலிருந்து. அந்தக் காலத்தில் உருண்டையை அவரே மாவு பிசைந்து, ஒரு சின்ன இயந்திரத்தில் கொடுத்துச் செய்துகொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை பின்னேரம் கையிருப்பைக் கணக்குப் பார்த்தால், அன்று இரவு வரை இருந்து உருண்டை பிடித்தால் ஒழியத் திங்கட்கிழமை காலையோடு முடிந்துவிடும் என்று தெரிந்தது. மனிதருக்குச் சலித்துவிட்டது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் எதற்குக் கொடுக்க வேண்டும், நிமிடத்துக்கு ஒன்றோடு விட்டால் என்ன என்று செய்து பார்த்தார். எலிகள் நிறுத்தவில்லை. சீராக அழுத்திக்கொண்டே இருந்தன. சலிப்பில் பிறந்த அந்த யோசனையை வருடக் கணக்கில் வளர்த்து, 1957 இல் சார்ல்ஸ் ஃபெர்ஸ்டரோடு சேர்ந்து எழுநூறு பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகமாக்கினார். மீளவலியுறுத்தல், அதாவது செய்கைக்குப் பின்னால் வரும் தீன், எத்தனையாவது கொத்துக்கு வரும் என்று தெரியாமல் கொடுத்தால் புறா ஓயாமல் கொத்தும். தீனை முழுதாக நிறுத்திய பிறகும் நெடுநேரம் விடாது. சூதாட்ட இயந்திரங்கள் ஓடுவதும் இதே ஏற்பாட்டில்தான் என்று ஸ்கின்னரே 1953 இல் வெளியான புத்தகத்தில் எழுதிவிட்டார்.

அதையே பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கணக்குக்குப் பின்னால் வைத்தால் என்ன நடக்கும்? பேரன் செய்ததைச் சொல்கிறேன். பயிற்சி எதுவானாலும் முடித்தால் பெட்டி வரும் என்று கண்டுபிடித்துவிட்டான். எனவே தனக்கு நன்றாகத் தெரிந்த, ஒற்றை இலக்கக் கூட்டல் பயிற்சியை விளையாட்டாகத் திரும்பத் திரும்ப எடுத்து, மளமளவென்று முடித்து, பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்தால், “அம்மம்மா, இண்டைக்கு ஐந்நூறு விழுந்தது!” எந்தக் கணக்குக்கு விழுந்தது என்று கேட்டால் முகத்தைப் பார்க்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. பெட்டி எதற்குக் காசு கொடுக்கிறதோ அதைத்தான் பிள்ளை செய்கிறான். கோளாறு பெட்டியை வைத்த இடத்தில் இருக்கிறது.

ஸ்கின்னர் தன் கற்பித்தல் இயந்திரத்தில் காசும் வைக்கவில்லை, இனிப்பும் வைக்கவில்லை. எழுதிய விடை சரி என்று உடனே காண்பதும், அடுத்த படிக்குப் போவதுமே பிள்ளைக்குப் போதும் என்பது அவர் கட்சி. அதற்காகத்தான் பிழை குறைவாக வரும்படி படிகளை அவ்வளவு சின்னதாக வெட்டினார். கூடத்திலும் அது நடக்கிறது. உதவி டீச்சர் ஒரு நாள் என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். கட்டம் எதுவும் இல்லாமல் 603 − 257 வந்திருக்கிறது. பேரன் உதட்டைக் கடித்துக்கொண்டு வலப் பக்கத்திலிருந்து தொடங்கினான். 13 இல் 7 போக 6, 9 இல் 5 போக 4, 5 இல் 2 போக 3. 346. பச்சை விளக்கு வந்ததும் பெட்டி குலுங்கியது. அதைத் தட்டாமலே அடுத்த கணக்கைத் திறந்துவிட்டான்.

தம்பி நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார், அதைப் பாராட்ட வேண்டும். “பெட்டிய எடுத்தா மறுகா பிள்ளைகள் வரமாட்டாங்க டீச்சர்” என்பது அவர் கவலை. பெட்டி இருக்கட்டும், புதுப் படி ஏறினால் மட்டும் வரட்டும், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு கொடுங்கள் என்றேன். அடுத்த தவணையில் மாற்றிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். முதல் மூவர் படத்தைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்க விடவில்லை. பெற்றாருக்கு அதுதான் வேண்டுமாம்.

கூடம் வழுக்குகிற இன்னோர் இடம் வசனக் கணக்கு. ‘சந்தைக்கு 402 மாங்காய் வந்தது, மாலையில் 178 மிஞ்சியது, விற்றது எத்தனை?’ என்று வந்தால் பிள்ளைகள் கூட்டவா கழிக்கவா என்று முழிக்கிறார்கள். சின்னச் சின்னப் படியாக வெட்டிப் பழக்கியதில் செய்முறை வந்துவிட்டது, எதைச் செய்வது என்ற தெரிவு வரவில்லை. ஸ்கின்னர் மொழியைப் பற்றி 1957 இல் எழுதிய புத்தகத்தை மொழியியலாளர் நோம் சொம்ஸ்கி 1959 இல் கிழித்துத் தோரணம் கட்டினாரே, அதுவும் ஏறக்குறைய இந்த வகைச் சண்டைதான். ஒரு காலமும் கேட்டிராத வாக்கியத்தைப் பிள்ளை எப்படிப் பேசுகிறது என்று கேட்டார் சொம்ஸ்கி. வசனக் கணக்கை நாங்கள் வீட்டில் கொப்பியில் போட்டுப் பழக்குகிறோம். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டிவரும்.

ஃபிளெக்ஸில் இரண்டு பிழை இருக்கிறது. ‘தன் மகளையே பெட்டிக்குள் வைத்துச் சோதனை செய்தவர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். 1944 இல் டெபரா பிறந்தபோது ஸ்கின்னர் செய்தது ஒரு தொட்டில். முன்பக்கம் கண்ணாடி, உள்ளே சூடாக்கிய சுத்தமான காற்று. அப்போது அவர்கள் இருந்த மினசோட்டாக் குளிரில் போர்வைக்குள் சுற்றாமல் பிள்ளை கை கால் ஆட்டிக்கொண்டு கிடக்கலாம், தாய்க்கும் துணி தோய்க்கும் வேலை குறையும். நெம்பு, தீன் உருண்டை எதுவும் அதில் இல்லை. 1945 இல் ஒரு மகளிர் சஞ்சிகை ‘பெட்டிக்குள் குழந்தை’ என்று தலைப்பைப் போட்டுவிட்டது. பிறகு மகளுக்குப் புத்தி பேதலித்தது, தற்கொலை செய்துகொண்டாள் என்று ஊரெல்லாம் கதை. டெபரா ஓவியராகி லண்டனில் வாழ்ந்தார்; 2004 இல் தானே பத்திரிகையில் மறுப்பு எழுதினார். மட்டக்களப்பு வெயிலில் யாரும் அந்தத் தொட்டிலைச் செய்து பார்க்க வேண்டாம் என்று வேண்டுமானால் ஒரு வரி சேர்க்கலாம்.

மற்றது அந்தப் புறாக்கள். படத்தின் கீழே ‘தபால் புறா’ என்று இருக்கிறது. அவை குண்டு ஓட்டப் பழகிய புறாக்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மினியாபோலிசில் ஜெனரல் மில்ஸ் என்ற மாவு நிறுவனம் இடமும் பணமும் கொடுக்க, குண்டின் மூக்குப் பகுதியில் மூன்று புறாவை இருத்தி, திரையில் தெரியும் இலக்கைக் கொத்தப் பழக்கினார். கொத்து விலகினால் குண்டு திரும்பும். புறாக்கள் சொன்னபடி செய்தன. அதிகாரிகளால் சிரிப்பை அடக்க முடியவில்லை, திட்டம் 1944 இல் நின்றது. இதைப் போட்டால் வாசலில் நிற்கிற தகப்பன்மாராவது வாசிப்பார்கள்.

கடைசி வரி ‘1990 இல் காலமானார்’ என்று மொட்டையாக முடிகிறது. அந்த ஆள் தன் மேசை விளக்கோடு ஒரு கடிகாரத்தை இணைத்து, எத்தனை மணித்தியாலம் எழுதினோம் என்று தனக்கே வரைபடம் கீறி வைத்துக்கொண்டு எழுதியவர். இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் எழுத்தை விடவில்லை. 86 வயதில், ஆகஸ்ட் 10 ஆம் திகதி, பொஸ்டனில் அமெரிக்க உளவியல் சங்கக் கூட்டத்தில் உரையாற்றினார். 18 ஆம் திகதி காலமானார்.

நடைமுறை விபரங்கள். மாதம் 4,500 ரூபா, கிழமைக்கு இரண்டு நாள். முதல் பிரிவு பின்னேரம் 2:45 க்குத் தொடங்கும். அடுத்தது 4 மணிக்கு. முதல் பிரிவில் மண்டபம் வெக்கை, நாலு மணி நல்லது. காத்தான்குடியில் இருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள், வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லை. கரண்ட் போனால் டேப் ஓடும், ஃபேன் ஓடாது. பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் தரம் 5 பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெட்டுப்புள்ளியை எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த இடம் சரிவராது. அடி மட்டத்திலிருந்து தொடங்குவார்கள், அதை விட்டுக்கொடுக்கவும் மாட்டார்கள். சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் இலவசமாக இருத்திப் பார்க்கலாம். அதை அவர்களாகச் சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.